டியூசன்பெர்க் ஜே

டியூசன்பெர்க் ஜே என்பது ஐக்கிய அமெரிக்காவின் இந்தியானாபொலிசு நகரில் 1928 முதல் 1937 வரை உருவாக்கப்பட்ட உயர்வகை மகிழுந்து ஆகும். தன் காலத்தில் அமெரிக்காவில் விற்கப்பட்ட மகிழுந்துகளுள் விலையாலும் ஆற்றலாலும் முதல் வரிசையில் இருந்தது. ஏறத்தாழ 481 வண்டிகளே செய்யப்பட்டன. இவற்றுள் கூரையை மடக்கித் திறக்கக்கூடிய திறந்த வகை வண்டிகள் இன்று சேகரிப்பாளர்களால் பெரிதும் விரும்பப்படுகின்றன. இந்தியாவில் இவ்வகை வண்டிகளுள் புகழ்பெற்றது இந்தூர் அரசர் இரண்டாம் யசுவந்த்ராவ் ஓல்கருக்காக 1936-இல் செய்யப்பட்ட இருவர் அமரும் திறந்த மகிழுந்து ஆகும்.

ஒரு டியூசன்பெர்க் ஜே வண்டியின் மதிப்பு அதன் தோற்றத்தால் மட்டும் முடிவாவதில்லை. அடிச்சட்டம், எந்திரம், மேற்கூடு ஆகிய மூன்றும் தனித்தனியே எண்ணிடப்பட்டவை. பல வண்டிகளில் இவை காலப்போக்கில் மாற்றப்பட்டுள்ளன. எனவே வண்டி யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது என்ற உரிமை வரலாறே அதன் உண்மைத்தன்மைக்கு முதன்மையான சான்றாகக் கொள்ளப்படுகிறது.

நிறுவன வரலாறு

பிரெட் டியூசன்பெர்க், ஆகசுட் டியூசன்பெர்க் ஆகிய இருவரும் செருமனியில் பிறந்து சிறுவயதில் குடும்பத்துடன் அமெரிக்காவில் குடியேறிய உடன்பிறந்தோர் ஆவர். அயோவா மாநிலத்தில் மிதிவண்டித் தொழிலில் தொடங்கிய இவர்கள் பின்னர் பந்தய வண்டிகளையும் எந்திரங்களையும் செய்தனர். 1921-இல் பிரான்சின் லெ மான் நகரில் நடந்த பிரெஞ்சு கிராண்ட் பிரிக்சு பந்தயத்தில் சிம்மி மர்பி டியூசன்பெர்க் வண்டியை ஓட்டி வென்றார். இந்தியானாபொலிசு 500 மைல் பந்தயத்தில் 1924, 1925, 1927 ஆகிய ஆண்டுகளில் டியூசன்பெர்க் வண்டிகள் வெற்றி பெற்றன.

சாலைகளில் ஓடுவதற்காக இவர்கள் முதலில் விற்ற 'ஏ' வகை மகிழுந்தில் நேர்வரிசையில் அமைந்த எட்டு உருளை எந்திரமும், நான்கு சக்கரங்களுக்கும் நீர்ம அழுத்தத் தடுப்பும் இருந்தன. தொழில்நுட்பத்தில் முன்னணியில் இருந்தும் வணிகத்தில் நிறுவனம் நலிவுற்றது. 1926-இல் எரெட் லோபன் கார்டு என்னும் தொழிலதிபர் அதை வாங்கினார். ஆபர்ன், கார்டு ஆகிய மகிழுந்துகளையும் அவருடைய குழுமமே விற்றது. உலகின் மிகச் சிறந்த மகிழுந்தைச் செய்யும் பொறுப்பை அவர் பிரெட் டியூசன்பெர்க்கிடம் ஒப்படைத்தார். அதன் விளைவாக உருவான 'ஜே' வகை 1928 திசம்பர் 1 அன்று நியூ யார்க்கில் அறிமுகமானது.

ஆண்டுக்கு 500 வண்டிகள் விற்பது கார்டின் திட்டம். ஓர் ஆண்டுக்குள், 1929 அக்டோபரில், அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்து பெரும் பொருளியல் வீழ்ச்சி தொடங்கியது. ஓர் ஆண்டுக்குத் திட்டமிட்ட அளவைக் கூட ஏறத்தாழ பத்து ஆண்டுகளில் எட்ட இயலவில்லை. 1932 சூலையில் பென்சில்வேனியா மாநிலத்தில் நேர்ந்த சாலை விபத்தில் காயமுற்ற பிரெட் டியூசன்பெர்க், சில வாரங்களில் நுரையீரல் அழற்சியால் இறந்தார். 1937-இல் கார்டின் குழுமம் சிதைந்தபோது டியூசன்பெர்க் உற்பத்தியும் முடிவுக்கு வந்தது.

பொறியியல் அமைப்பு

ஜே வகையின் எந்திரம் எட்டு உருளைகளை ஒரே வரிசையில் கொண்டது. இதன் கொள்ளளவு 6.9 லிட்டர். ஓர் உருளைக்கு நான்கு வால்வுகள் வீதம் மொத்தம் 32 வால்வுகள் இருந்தன. அவற்றை இயக்க எந்திரத்தின் தலைப்பகுதியில் இரண்டு கேம் தண்டுகள் அமைந்தன. இவ்வமைப்பு அக்காலத்தில் பந்தய வண்டிகளில் மட்டுமே வழக்கமாகக் காணப்பட்டது. எந்திரத்தை டியூசன்பெர்க் வடிவமைக்க, கார்டின் குழுமத்தைச் சேர்ந்த லைக்கோமிங் நிறுவனம் செய்து கொடுத்தது.

நிறுவனம் அறிவித்த ஆற்றல் 265 குதிரைத்திறன். உச்ச வேகம் மணிக்குச் சுமார் 190 கிலோமீட்டர் எனக் கூறப்பட்டது. 1932-இல் 'எஸ்.ஜே.' என்னும் வகை வந்தது. இதில் சூப்பர்சார்ஜர் என்னும் கருவி, எந்திரத்தின் சுழற்சியால் இயங்கி, காற்றும் எரிபொருளும் சேர்ந்த கலவையை அழுத்தி உருளைகளுக்குள் செலுத்தியது. ஒவ்வொரு சுழற்சியிலும் கூடுதல் கலவை எரிவதால் ஆற்றல் 320 குதிரைத்திறனாக உயர்ந்தது. எந்திர மூடியின் பக்கவாட்டில் வெளியே தெரியும் பளபளப்பான புகைக்குழாய்கள் எஸ்.ஜே. வகையின் அடையாளமாயின. தொழிற்சாலையிலிருந்தே சூப்பர்சார்ஜருடன் வந்தவை ஏறத்தாழ 36 வண்டிகள் மட்டுமே. ஆனால் அழகுக்காக இக்குழாய்களைச் சாதாரண ஜே வண்டிகளிலும் பலர் பின்னாளில் பொருத்திக்கொண்டனர். ஆகவே வெளிக்குழாய்களை மட்டும் கண்டு ஒரு வண்டியை எஸ்.ஜே. என்று முடிவு செய்ய இயலாது.

அடிச்சட்டம் இரு நீளங்களில் கிடைத்தது. முன், பின் அச்சுகளுக்கு இடையிலான தொலைவு ஒன்றில் 142.5 அங்குலம் (3.62 மீட்டர்), மற்றொன்றில் 153.5 அங்குலம் (3.90 மீட்டர்). ஓட்டுநரின் முன்னுள்ள பலகையில் வேகமானியுடன் உயரமானி, நிறுத்துக் கடிகாரம் முதலியவையும் இருந்தன. அடிச்சட்டத்தின் மூட்டுகளுக்குத் தானே எண்ணெய் இடும் அமைப்பும் உண்டு. ஏறத்தாழ 1,100 கிலோமீட்டருக்கு ஒருமுறை எந்திர எண்ணெயை மாற்றவும், 2,250 கிலோமீட்டருக்கு ஒருமுறை மின்கலத்தைப் பார்க்கவும் நினைவூட்டும் விளக்குகள் தாமே எரிந்தன.

மேற்கூடு கட்டும் முறை

இன்று மகிழுந்து தொழிற்சாலையிலிருந்து முழு வண்டியாக வெளிவருகிறது. 1930-களில் உயர்வகை மகிழுந்துகளில் அந்த வழக்கம் இல்லை. டியூசன்பெர்க் நிறுவனம் எந்திரம், சக்கரங்கள், முன்முகப்பு ஆகியவற்றுடன் கூடிய அடிச்சட்டத்தை மட்டுமே விற்றது. வாங்கியவர் அதைத் தமக்கு விருப்பமான பட்டறைக்கு அனுப்பி மேற்கூடு கட்டிக்கொண்டார். தமிழ்நாட்டில் லாரி வாங்குவோர் தொழிற்சாலையிலிருந்து சேசிஸ் மட்டும் எடுத்து நாமக்கல், திருச்செங்கோடு பகுதிகளில் உள்ள பட்டறைகளில் பாடி கட்டுவதும், பேருந்துகளுக்குக் கரூரில் பாடி கட்டுவதும் இதே முறையைச் சார்ந்தவை.

அடிச்சட்டத்தின் விலை தொடக்கத்தில் 8,500 டாலர்; பின்னர் 9,500 டாலர். மேற்கூட்டுடன் சேர்த்துப் பல வண்டிகள் 13,000 டாலருக்கு மேல் ஆயின. சில 20,000 டாலரைத் தொட்டன. அதே காலத்தில் ஒரு புதிய போர்டு மகிழுந்து சுமார் 500 டாலருக்குக் கிடைத்தது. அமெரிக்காவில் மர்பி, ரோல்சுடன், டெர்காம், லெபரான், சட்கின்சு முதலிய பட்டறைகள் டியூசன்பெர்க் வண்டிகளுக்கு மேற்கூடு கட்டின. நிறுவனத்தின் வடிவமைப்பாளர் கார்டன் பியூரிக் வரைந்த வடிவங்களைப் பல பட்டறைகள் பின்பற்றின.

இம்முறையில் மேற்கூடு என்பது ஆணியும் மரையும் கழற்றி எடுக்கக்கூடிய தனிப் பொருளாகும். ஓர் உரிமையாளர் பழைய மேற்கூட்டை நீக்கிப் புதியதைப் பூட்டலாம். மூடிய கூரை கொண்ட வண்டியைத் திறந்த வண்டியாக மாற்றலாம். விபத்தில் சிதைந்த வண்டியின் எந்திரத்தை எடுத்து மற்றொன்றில் பொருத்தலாம். இவை அனைத்தும் டியூசன்பெர்க் வண்டிகளில் நடந்தன. திறந்த வண்டிகளுக்கு மதிப்பு கூடியபோது மூடிய கூடுகள் கழற்றப்பட்டுத் திறந்த கூடுகள் ஏற்றப்பட்டதும் உண்டு.

இந்தூர் ஓல்கரின் டியூசன்பெர்க்

இரண்டாம் யசுவந்த்ராவ் ஓல்கர் (1908-1961) இந்தூர் அரசின் கடைசி மன்னர் ஆவார். இவருடைய தந்தை மூன்றாம் துகோசிராவ் 1926-இல் அரியணை துறந்தார். மகன் 1930-இல் முழு ஆட்சியதிகாரம் பெற்றார். இங்கிலாந்தில் கல்வி கற்ற இவர் புதுமைக் கலையில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டிருந்தார். இந்தூரில் இவர் கட்டிய மாணிக் பாக் அரண்மனையைச் செருமானியக் கட்டடக் கலைஞர் எக்கார்ட் முத்தேசியசு வடிவமைத்தார். சிற்பி பிரான்குசியின் படைப்புகளை வாங்கியவர்களுள் இவரும் ஒருவர். ஒளிப்படக் கலைஞர் மான் ரே இவரையும் இவர் மனைவி சன்யோகிதா தேவியையும் படம் பிடித்துள்ளார்.

ஓல்கர் பல விரைவு மகிழுந்துகளை வைத்திருந்தார். அவற்றுள் அமெரிக்காவைச் சேர்ந்தது இந்த டியூசன்பெர்க். 153.5 அங்குல நீள அடிச்சட்டமும் சூப்பர்சார்ஜர் பொருத்திய எந்திரமும் கொண்ட இதற்கு இலண்டனைச் சேர்ந்த கர்னி நட்டிங் பட்டறை 1936-இல் மேற்கூடு கட்டியது. பிரித்தானிய அரச குடும்பத்திற்கும் பணி செய்த இப்பட்டறையின் வடிவமைப்பாளர் ஏ. எப். மக்னீல். ஏறத்தாழ நான்கு மீட்டர் அச்சுத் தொலைவு கொண்ட அடிச்சட்டத்தில் வழக்கமாக ஏழு பேர் அமரும் வண்டி கட்டப்படும். இங்கோ இருவருக்கு மட்டுமே இருக்கை வைக்கப்பட்டது. எஞ்சிய நீளம் முழுவதும் எந்திர மூடிக்கும், சரிந்து இறங்கும் பின்பகுதிக்கும் ஒதுக்கப்பட்டது. செம்மஞ்சள், கறுப்பு ஆகிய இரு நிறங்கள் இவ்வண்டியின் அடையாளமாக அறியப்படுகின்றன.

அமெரிக்க அடிச்சட்டம், ஆங்கிலேய மேற்கூடு, இந்திய உரிமையாளர் என்ற மூன்றும் ஒரே வண்டியில் கூடியது அக்கால இந்திய அரசர்களின் வாழ்க்கை முறையைக் காட்டுகிறது. இத்தகைய வண்டிகள் சுதேச அரசுகளின் வருவாயிலிருந்து வாங்கப்பட்டவை என்பதும் இவ்வரலாற்றின் ஒரு பகுதியே ஆகும்.

விடுதலைக்குப் பின்

1948 மே மாதத்தில் இந்தூர் அரசு மத்திய பாரதம் என்னும் புதிய மாநிலத்துடன் இணைந்தது. ஓல்கர் அம்மாநிலத்தின் உப ராசப்பிரமுகராக 1956 வரை இருந்து, 1961-இல் காலமானார். மாணிக் பாக் அரண்மனை பின்னர் நடுவண் அரசின் வரித்துறை அலுவலகமாயிற்று. அரண்மனையின் அறைகலன்கள் பலவும் வெளிநாடுகளில் ஏலம் போயின. டியூசன்பெர்க் வண்டியும் இந்தியாவை விட்டு அமெரிக்கச் சேகரிப்பாளர்களிடம் சென்றது. அங்குப் புதுப்பிக்கப்பட்ட அது இன்றும் இந்தூர் அரசரின் பெயராலேயே அறியப்படுகிறது.

இந்த வண்டிக்கு நேர்ந்தது பிற அரச குடும்பங்களின் வண்டிகளுக்கும் நேர்ந்தது. இதற்குக் காரணங்கள் பல. விடுதலைக்குப் பின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் கடுமையானதால் உதிரிப் பாகங்கள் கிடைப்பது அரிதாயிற்று. ஆட்சியும் வருவாயும் இழந்த குடும்பங்களுக்குப் பெட்ரோலை மிகுதியாகக் குடிக்கும் வண்டிகள் சுமையாயின. 1971-இல் அரசியலமைப்பின் 26-ஆவது திருத்தம் மன்னர் மானியத்தை ஒழித்தது. பழைய வண்டிகள் பல, கொட்டகைகளில் துருப்பிடித்தன. பல, இரும்பு விலைக்குச் சென்றன. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் தேடி வந்து வாங்கியவை கப்பல் ஏறின.

பின்னர் இந்திய அரசு இதைக் கட்டுப்படுத்தியது. ஏற்றுமதிக் கொள்கையின்படி 1950 சனவரி 1-க்கு முன் செய்யப்பட்ட பழைய மகிழுந்துகளும் அவற்றின் பாகங்களும் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட பொருட்களாக வகைப்படுத்தப்பட்டன. ஆனால் இவ்விதிகளுக்கு முன்பே நாட்டின் மிகச் சிறந்த வண்டிகளுள் பல வெளியேறிவிட்டன.

உரிமை வரலாற்றின் இன்றியமையாமை

டியூசன்பெர்க் ஜே வண்டிகளின் எந்திர எண்கள் 'ஜே' என்னும் எழுத்துடன் தொடங்கும். அடிச்சட்டத்திற்கு நான்கு இலக்க எண் தனியே உண்டு. எந்திரத்திற்கும் ஓட்டுநர் அறைக்கும் இடையிலுள்ள தடுப்புத் தகட்டில் இரு எண்களும் பொறிக்கப்படும். பட்டறைகள் மேற்கூட்டிற்குத் தம் சொந்த எண்ணை இட்டன. மூன்றும் தொடக்கத்தில் இருந்தவாறே ஒத்துப்போனால் அவ்வண்டி மாறாதது எனக் கருதப்படும். 1952-இல் அமெரிக்காவில் நிறுவப்பட்ட ஆபர்ன் கார்டு டியூசன்பெர்க் சங்கம் இவ்வாறு சோதித்துச் சான்றளிக்கும் முறையை நடத்துகிறது.

எண்களைப் போலியாகப் பொறிக்க இயலும். எனவே விற்பனைச் சீட்டுகள், பதிவுப் புத்தகங்கள், காப்பீட்டுத் தாள்கள், கடிதங்கள், பழைய ஒளிப்படங்கள் ஆகியவற்றால் உரிமையாளர் வரிசை உறுதி செய்யப்படுகிறது. பின்வரும் இரு வண்டிகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டுகள்.

கேரி கூப்பரின் எஸ்.எஸ்.ஜே.

1935-இல் டியூசன்பெர்க் நிறுவனம் 125 அங்குல (3.18 மீட்டர்) அச்சுத் தொலைவு கொண்ட குறுகிய திறந்த வண்டிகள் இரண்டை மட்டும் செய்தது. 400 குதிரைத்திறன் உடையனவாகக் கூறப்பட்ட இவை 'எஸ்.எஸ்.ஜே.' எனப்பட்டன. விளம்பர நோக்கில் இவை திரைப்பட நடிகர்கள் கேரி கூப்பர், கிளார்க் கேபிள் ஆகியோரிடம் கொடுக்கப்பட்டன. கூப்பர் தம் வண்டியை விலைக்கு வாங்கிக்கொண்டார். கேபிள் திருப்பிக் கொடுத்தார்.

கூப்பரின் வண்டி பின்னர் கேமரான் பெக் என்னும் சேகரிப்பாளரிடம் இருந்தது. 1949-இல் பந்தய ஓட்டுநரும் சேகரிப்பாளருமான பிரிக்சு கன்னிங்காம் அதை வாங்கித் தம் அருங்காட்சியகத்தில் வைத்தார். 1986-இல் அவருடைய தொகுப்பு முழுவதும் மைல்சு கோலியரிடம் சென்றது. 2018 ஆகசுடில் கலிபோர்னியாவின் பெபிள் பீச்சில் நடந்த ஏலத்தில் இவ்வண்டி 2 கோடியே 20 இலட்சம் டாலருக்கு விற்றது. அதுவரை ஏலம் போன அமெரிக்க மகிழுந்துகளுள் இதுவே மிகுந்த விலை பெற்றது. 2016-இல் முதல் செல்பி கோப்ரா வண்டி பெற்ற 1 கோடியே 37.5 இலட்சம் டாலரே அதற்கு முந்தைய உச்ச விலை. செய்யப்பட்ட நாளிலிருந்து கைவிட்டுப் போகாமல் சில உரிமையாளர்களிடம் மட்டுமே இருந்ததும், அவ்வரிசை முழுமையாக அறியப்பட்டதும் இவ்விலைக்கு முதன்மையான காரணங்கள் ஆகும்.

மார்மன் மீட்டியர்

ஆப் சென்கின்சு என்னும் வேக ஓட்டுநர் 1935-இல் ஒரு சிறப்பு டியூசன்பெர்க் வண்டியை யூட்டா மாநிலத்தின் போனவில் உப்புப் பாலையில் ஓட்டினார். 24 மணி நேரத்தில் மணிக்குச் சராசரியாக 135 மைலுக்கும் (சுமார் 218 கிலோமீட்டர்) மேற்பட்ட வேகத்தை எட்டிச் சாதனை படைத்தார். அடுத்த ஆண்டில் அதே அடிச்சட்டத்தில் வானூர்தி எந்திரம் ஒன்று பொருத்தப்பட்டது. பின்னர் டியூசன்பெர்க் எந்திரம் மீண்டும் பொருத்தப்பட்டு, சாலையில் ஓடும் வண்டியாக அது மாற்றப்பட்டது.

2004-இல் ஏலத்தில் 44 இலட்சத்து 55 ஆயிரம் டாலருக்கு விற்கப்பட்ட இவ்வண்டி, 1935-இல் சாதனை படைத்த வடிவத்துக்கே திரும்பப் புதுப்பிக்கப்பட்டது. 2007-இல் பெபிள் பீச் கண்காட்சியில் முதல் பரிசு பெற்றது. எந்திரமும் உருவமும் பலமுறை மாறியிருந்தும் இது அதே வண்டி என்று ஏற்கப்பட்டதற்கு, ஒவ்வொரு மாற்றமும் ஒளிப்படங்களிலும் பதிவுகளிலும் இடம்பெற்றிருந்ததே காரணம்.

புதுப்பித்தல்

1930-களின் மேற்கூடு பெரும்பாலும் மரச்சட்டத்தின் மீது அலுமினியத் தகடு அடித்துச் செய்யப்பட்டது. வெளியே தகடு நன்றாகத் தோன்றினாலும் உள்ளே மரம் உளுத்திருக்கலாம். ஈரமும் வெப்பமும் மாறி மாறி வரும் இந்தியத் தட்பவெப்பத்தில் இச்சிதைவு விரைவாக நிகழும். புதுப்பிப்போர் வண்டியை முழுவதும் பிரித்து, ஒவ்வொரு பாகத்தையும் படம் எடுத்து எண்ணிட்டு, மரச்சட்டத்தைச் சீர்செய்து, தகட்டை மீண்டும் பொருத்துவர். கிடைக்காத பாகங்களை வார்த்தும் கடைந்தும் புதிதாகச் செய்வர். இப்பணிக்குப் பல ஆண்டுகள் ஆவதுண்டு.

புதுப்பித்தலில் எல்லை மீறுவதும் உண்டு. பழைய வண்ணம் சுரண்டப்படும்போது அதன் கீழிருந்த முதல் நிறத்தின் தடயம் மறைகிறது. பழைய தோல் இருக்கை நீக்கப்படும்போது பட்டறையின் அடையாளமும் போகிறது. புதிதாக வந்த நாளில் இருந்ததைவிட மிகுதியாகப் பளபளக்கும் வண்டி, தன் கடந்த காலத்தை இழந்ததாக இன்று பலர் கருதுகின்றனர். பன்னாட்டுப் பழைய வாகனக் கூட்டமைப்பு 2012-இல் ஏற்ற துரின் சாசனம், இயன்றவரை பழைய பொருளைக் காத்தலையும், மாற்றிய இடங்களைப் பதிவு செய்தலையும் வலியுறுத்துகிறது. கோயில் தேரில் சக்கரமும் அச்சும் மாற்றப்பட்டாலும் அது அதே தேர் என்று ஊரார் ஏற்பது வழிவழியாக வந்த பயன்பாட்டினால் ஆகும். கைமாறிக்கொண்டே இருக்கும் மகிழுந்துக்கு அத்தகைய ஊர் இல்லை; எழுத்துப் பதிவே அவ்விடத்தை நிரப்ப வேண்டியுள்ளது.

இந்தியாவில் பழைய மகிழுந்துகளின் சட்ட நிலை

2021 சூலையில் நடுவண் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் பழைமைச் சிறப்புடைய ஊர்திகளின் பதிவுக்கெனத் தனி விதிகளை அறிவித்தது. அவற்றின் முதன்மைக் கூறுகள் வருமாறு:

- முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட, தனிப்பயன்பாட்டுக்கான இரு சக்கர, நான்கு சக்கர ஊர்திகள் இவ்வகையில் அடங்கும்.
- ஊர்தி தன் முதல் வடிவில் பேணப்பட்டிருக்க வேண்டும். அடிச்சட்டம், மேற்கூடு, எந்திரம் ஆகியவற்றில் பெருமாற்றம் செய்யப்பட்டிருந்தால் இப்பதிவு கிடைக்காது.
- புதிய பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். பதிவு பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். மறுபதிவுக் கட்டணம் 5,000 ரூபாய்.
- பதிவெண்ணில் மாநிலக் குறியீட்டுக்கு அடுத்து 'வி.ஏ.' என்னும் ஆங்கில எழுத்துகள் இடம்பெறும்.
- கண்காட்சி, அணிவகுப்பு, ஆய்வு, எரிபொருள் நிரப்பல், பராமரிப்பு ஆகியவற்றுக்காக மட்டுமே சாலையில் ஓட்டலாம். அன்றாடப் பயன்பாட்டுக்கும் வணிகத்துக்கும் ஓட்டக்கூடாது.
- முன்பே பதிவான ஊர்திக்கு விண்ணப்பிக்கும்போது பழைய பதிவுச் சான்றையும், இறக்குமதியான ஊர்திக்குச் சுங்க நுழைவுச் சீட்டையும் இணைக்க வேண்டும்.

இக்கடைசி விதியால் பழைய பதிவுப் புத்தகத்தின் தேவை கூடியுள்ளது. பழைய வண்டி வைத்திருக்கும் குடும்பங்கள் பலவற்றில் வண்டி இருந்தும் புத்தகம் தொலைந்திருப்பது உண்டு. வீட்டுப் பெட்டியில் கிடக்கும் வரி வில்லை, காப்பீட்டுத் தாள், பதிவெண் தெரியும் திருமண ஒளிப்படம் போன்றவை வரலாற்றுச் சான்றுகளாகும். பதிவெண் ஒரு வண்டியின் பெயராகவே மாறிவிடுவதும் உண்டு. ம. கோ. இராமச்சந்திரன் பயன்படுத்திய டி.எம்.எக்சு. 4777 என்னும் அம்பாசடர் மகிழுந்து சென்னை தியாகராய நகரிலுள்ள அவருடைய நினைவு இல்லத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது. அவ்வகை வண்டிகள் இலட்சக்கணக்கில் ஓடியிருந்தும், அந்த ஒன்றைத் தனித்துக் காட்டுவது அதன் உரிமையாளரும் எண்ணுமே ஆகும்.

பாதுகாப்பும் காட்சியும்

அமெரிக்காவின் ஆபர்ன் நகரில், பழைய நிறுவனத்தின் 1930-ஆம் ஆண்டுக் கட்டடத்திலேயே ஆபர்ன் கார்டு டியூசன்பெர்க் அருங்காட்சியகம் 1974 முதல் இயங்குகிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் சில நூறு டாலருக்கு விற்கப்பட்ட டியூசன்பெர்க் வண்டிகளை அக்காலத்திலேயே வாங்கிக் காத்தவர்களின் முயற்சியால், செய்யப்பட்டவற்றுள் பெரும்பாலானவை இன்றும் எஞ்சியுள்ளன.

இந்தியாவில் குசராத்து மாநிலம் அகமதாபாத்துக்கு அருகில் பிரான்லால் போகிலால் அமைத்த அருங்காட்சியகத்தில் அரச குடும்பங்களின் பழைய மகிழுந்துகள் பல உள்ளன. தில்லியிலும் கொல்கத்தாவிலும் சுடேட்சுமன் நாளிதழ் 1960-களில் பழைய மகிழுந்து அணிவகுப்பைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் கோயம்புத்தூர் அவினாசி சாலையில் கோ. து. நாயுடுவின் பெயரால் அமைந்த மகிழுந்து அருங்காட்சியகம் 2015-இல் திறக்கப்பட்டது.

ஓல்கரின் டியூசன்பெர்க் இந்தியாவில் இல்லை. எனினும் அதன் உரிமை வரலாற்றின் முதல் பக்கம் இந்தூரைச் சேர்ந்தது. அவ்வண்டியின் சிறப்பும் அப்பக்கத்தைச் சார்ந்தே உள்ளது.